பட்டமும் பிழைப்பும்

கலாசாலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் ஒரு பிள்ளையை நம் குடியிருப்பில் எவர் கண்டாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: "படிப்பு முடிந்ததும் என்ன உத்தியோகம்? என்ன சம்பளம்?" கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றனர். பசியின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாய் அறிந்த சமுதாயம் முதலில் சம்பளத்தைக் கேட்பதில் வியப்பொன்றும் இல்லை. ஆயினும் அது அரைக் கேள்வியே என்பது எமது துணிபு. எத்தொழில் கிடைக்கும் என்பது ஒன்று. எத்தொழிலைச் செய்தல் தகும் என்பது மற்றொன்று. பெற்ற கல்வியால் யாருக்குக் கடமைப்பட்டுள்ளோம் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணாதவன் சம்பளம் பெறக்கூடும். தன் வாழ்வைத் தானே நடத்தியவன் ஆகான். ஆகவே இப்பொருளைத் தம்மத்தின் ஒளியில் ஈண்டுச் சிறிது ஆராய்வோமாக.

முதலில் உலக நிலையை உள்ளபடி காண்போம். பட்டம் பெற்றவுடன் வேலை தேடி வரும் என்பது நம் பாட்டனார் காலத்து நம்பிக்கை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை கூறுவது யாது? 2022 இல், பட்டம் பெற்ற இளைஞருள் நூற்றுக்கு 29.1 பேர் வேலையின்றி இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞருள் வேலையின்றி இருந்தோர் 3.4 பேரே. படித்தவன் படியாதவனைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேலையற்று நிற்கின்றான்! 2015 இல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் வேலைகளுக்கு 23 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் 255 டாக்டர் பட்டம் பெற்றவர்களுடையவை. இதைக் கண்டு கல்வியே வீண் என்று முடிவு கட்டுதல் பேதைமை. படியாத ஏழை வேலையின்றி ஒரு நாள்கூட இருக்க இயலாது. எக்கூலிக்கும் எவ்விழிவுக்கும் உடன்பட்டேயாக வேண்டும். படித்தவன் காத்திருக்கின்றான் என்பதன் பொருள், அவன் 'இது வேண்டா' என்று சொல்லும் ஆற்றலைக் கொஞ்சம் பெற்றுள்ளான் என்பதே. கல்வி தந்த முதற்பேறு அதுதான்.

ஆனால் வேலை கிட்டாத பிள்ளையைப் பார்த்து, "உன் தலையெழுத்து, முற்பிறவி வினை" என்று வீட்டாரே கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. இது பௌத்தர் வாயில் வரத்தகாத சொல். துன்பம் யாவும் முன்வினைப் பயனா என்று சீவகன் எனும் பரிவிராசகன் வினவியபொழுது, பித்தத்தாலும் ஐயாலும் வாதத்தாலும் பருவ மாறுதலாலும் பிற காரணங்களாலும் துன்பம் வருவது கண்கூடாயிருக்க, எல்லாவற்றையும் முன்வினைமேல் ஏற்றுவது தவறு என்றே ததாகதர் விடையிறுத்தார். கூடதந்த சூத்திரத்திலோ, நாட்டில் களவும் குழப்பமும் ஒழிய வழி யாதெனின், உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், அரசுப் பணியாளனுக்கு ஊதியமும் அரசன் தரவேண்டும் என்று ஓர் அறிஞன் மன்னனுக்குக் கூறிய அறிவுரையைப் பகவான் எடுத்துரைக்கின்றார். வேலையின்மை நாட்டின் குறை, ஆள்வோர் தீர்க்கவேண்டிய குறை என்பது இதனால் விளங்கும். வேலையற்ற இளைஞனுக்கு முயற்சி வேண்டும், வெட்கம் வேண்டா.

இனி, எத்தொழில் தகும் என்னும் வினாவுக்கு வருவோம். பௌத்தம் உலகைத் துறந்தோர்க்கே உரியது, பொருளீட்டுவதை வெறுப்பது என்று பிறர் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். கோலிய நாட்டுத் தீகஜாணு என்பவன் பகவானை அணுகி, "யாம் மனைவி மக்களோடு வாழ்வோர், சந்தனம் பூசுவோர், பொன்னும் வெள்ளியும் கையாள்வோர், எமக்கேற்ற நெறி யாது?" என்று வினவினான். அவர் அவனைக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. உழவாயினும், வாணிகமாயினும், ஆநிரை ஓம்பலாயினும், வில்தொழிலாயினும், அரசுப் பணியாயினும், பிற கைத்தொழிலாயினும் அதில் திறமையும் ஊக்கமும் உடையவனாதல், நேரிய வழியில் ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழ்தல் என நான்கினை அருளினார். ஆறு வகைப் பிழைப்பில் அரசுப் பணியும் ஒன்று, ஒன்றே ஒன்று மட்டுமே, என்பதை நம் பெற்றோர் கவனிப்பாராக. அட்டாங்க மார்க்கத்தின் எட்டு உறுப்புக்களுள் நல்வாழ்க்கை, அஃதாவது குற்றமற்ற பிழைப்பு, தனியோர் உறுப்பாகவே வைக்கப்பட்டிருக்கின்றது.

குற்றமுள்ள பிழைப்பு எவை? படைக்கலம் விற்றல், உயிர்களை விற்றல், ஊன் விற்றல், கள் முதலிய மயக்கப்பொருள் விற்றல், நஞ்சு விற்றல் என ஐந்தினை உபாசகர்க்கு விலக்கினார். பட்டதாரி ஒருவன் இதைப் படித்துவிட்டு, "யான் கள்ளுக்கடை வைக்கப் போவதில்லையே" என்று அமைதி கொள்ளலாம். அவசரப்பட வேண்டா. இக்காலத்தில் இவ்வைந்தும் வேறு உடை உடுத்தி வருகின்றன. ஏழைக்குக் கைப்பேசி வழியே கடன் தந்து, தவணை தவறினால் அவன் உற்றார் உறவினரையெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் தொழிலுக்குக் கணக்கெழுதுவோர் பட்டதாரிகளே. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களை, ஆடுவோன் எழுந்து போக மனம் வராதபடி நுட்பமாய் அமைத்தோரும் பட்டதாரிகளே. அதனால் குடும்பங்கள் சீரழிவது கண்டு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தடுக்க நேர்ந்தது. சட்டம் தடுப்பதற்கு முன்னும் அது தீங்கே. சட்டம் வந்ததால் தீங்காகிவிடவில்லை. ஆதலால் மாணவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள ஓர் எளிய உரைகல்லைக் கூறுவேன்: "என் தொழில் செழிக்கவேண்டுமாயின் பிறன் ஒருவன் கெட்டேயாக வேண்டுமா?" நோயாளி குணமடைந்தால் மருத்துவன் புகழ் வளரும், மாணவன் தேறினால் ஆசிரியன் மகிழ்வான். குடிப்பவன் திருந்தினால் சாராய வியாபாரி நட்டமடைவான். வேறுபாடு இதுவே.

"ஐயா, வயிறு நிறைந்தவர்க்கு இவ்வுரைகல் பொருந்தும், தந்தையின் கடனும் தாயின் நோயும் தங்கையின் படிப்பும் தலைமேல் நிற்கும்பொழுது யாம் தொழிலைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்?" என்று ஒரு மாணவன் கேட்பானாகில், அவன் கேள்வி நியாயமானதே. தம்மத்தில் செயலின் தன்மையை நிர்ணயிப்பது எண்ணம். தெரிந்தெடுக்கும் உரிமை எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவே. தாயின் மருந்துக்காகச் சாராயக் கிடங்கில் இரவுக் காவல் காக்கும் இளைஞனையும், அக்கிடங்கை நடத்திக் கொழுக்கும் முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்துவோன் அறம் அறியாதவன். எனினும் அவ்விளைஞனும் இரண்டினை மறத்தலாகாது. முதலாவது, தீங்கைத் தீங்கென்றே மனத்தில் வைத்திருத்தல். பழகப் பழக அதை நன்றென்று பேசத் தொடங்காமை. இரண்டாவது, வெளியேறும் வாயிலை ஓயாது தேடுதல். கடன் தீர்ந்து, வீடும் கட்டி, வாகனமும் வாங்கிய பின்னரும் "குடும்ப பாரம்" என்று அவ்விடத்திலேயே இருப்பவனை அந்நிலையில் நிறுத்தியது வறுமையன்று, ஆசையே.

மூன்றாம் வினா மிகக் கடினமானது. நான் பெற்ற பட்டம் எனக்கே உரியதா? இரவும் பகலும் கண்விழித்துப் படித்தவன் மாணவனே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவன் அமர்ந்து படித்த விளக்கைத் தொட்டுப் பார்த்தால் எத்தனை பேர் எண்ணெய் வார்த்திருக்கின்றனர்! 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீக்கை பெற்ற பின் பௌத்தரான நம் முன்னோர், மத்திய அரசு பட்டியல் வகுப்பினர்க்கு அளித்த சலுகைகளைச் சட்டப்படி இழந்தனர். பௌத்தர்க்கும் அவ்வுரிமை உண்டெனச் சட்டத்திருத்தம் வந்தது 1990 ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில், "பௌத்தன்" என்று ஏட்டில் எழுதினால் பிள்ளையின் உதவித்தொகை போகும் என்று அறிந்தும் எழுதியோர் உண்டு. பிள்ளையின் படிப்பிற்காக நெஞ்சில் ஒன்றும் ஏட்டில் ஒன்றுமாய் வைத்து வருந்தியோரும் உண்டு. இவ்விருவருடைய துன்பத்தின்மேலும் நின்றே இன்றைய மாணவன் பட்டம் பெறுகின்றான்.

1956 மார்ச்சு 18 அன்று ஆக்ராவில் பேசிய பாபாசாகேப், படித்தவர்கள் சமுதாயத்துக்குத் தொண்டு செய்வர் என்று தாம் எதிர்பார்த்ததையும், அவர்களோ தம் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ளும் குமாஸ்தாக் கூட்டமாய் நின்றதையும் எண்ணி வருந்தினார். இவ்வருத்தத்தை மேடைதோறும் எடுத்துரைத்துப் பட்டதாரிகளை ஏசுவது நம்மவர்க்கு எளிதாய்விட்டது. ஏசுவதற்கு முன் ஒன்று எண்ணவேண்டும். முதல் தலைமுறையாய்ப் படித்து வெளிவரும் இருபத்தோரு வயதுப் பிள்ளையின் தோளில் வீட்டுக் கடன், வங்கிக் கல்விக்கடன், அதன்மேல் சமுதாயக் கடன் என்று மூன்றையும் ஒரே நாளில் ஏற்றினால் அவன் எங்ஙனம் நிமிர்வான்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு எவரும் விதிக்காத பாரத்தை ஏழைப் பிள்ளைக்கு விதித்தல் நீதியாமோ? இது புறந்தள்ளத் தகாத எதிர்வாதம். ஆதலால், எல்லோரும் பிழைப்பை விட்டுப் பொதுத்தொண்டில் இறங்குக என்பதும் ஒரு முனை; யாருக்கும் யான் கடன்பட்டிலேன் என்பதும் ஒரு முனை. நாம் நடுவழி செல்வோர் அல்லரோ?

நடுவழியை நம் பெரியோர் வாழ்ந்து காட்டியிருக்கின்றனர். 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பிழைப்பால் சித்த மருத்துவர். பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கிய பேராசிரியர் இலட்சுமி நரசு பிழைப்பால் விஞ்ஞான ஆசிரியர். மணிமேகலை தந்த சாத்தனாரையே கூலவாணிகர் என்று மரபு கூறுகின்றது. பாபாசாகேப்பின் வாழ்வும் இதற்கு விலக்கன்று. பரோடா மன்னரின் உதவிபெற்று 1913 இல் அமெரிக்கா சென்று படித்த அவர், உடன்படிக்கையின்படி 1917 இல் பரோடாவில் பணியேற்றார். அத்துணைப் படித்த மேதைக்கு அவ்வூரில் தங்க ஓர் அறை கிட்டவில்லை. தங்கியிருந்த விடுதியினின்றும் விரட்டப்பட்டார். பின்னர் பம்பாய் சிடனாம் கல்லூரியில் ஆசிரியர். மீண்டும் இலண்டன் படிப்பு. 1923 இல் திரும்பி வந்து வழக்கறிஞர். எவர்க்கும் கீழ்ப்படாது தொண்டு செய்ய இடந்தரும் பிழைப்பென்றே அதனைத் தேர்ந்தார். மறு ஆண்டே பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். பிழைப்பே தொண்டுக்கு நிலமாய் அமைந்தது.

பரோடாவில் நேர்ந்தது பழங்கதை அன்று. இன்றும் நகரத்தில் வாடகை வீடு கேட்கப் போனால், ஊர், உணவு, தந்தை பெயர் என்று சுற்றிச் சுற்றிச் சாதியைத் துருவுவோர் உளர். வேலைக்குச் சேர்ந்த பட்டதாரி தன் பிறப்பை மறைக்கலாமா என்று இளைஞர் என்னைக் கேட்பதுண்டு. தன் பிறப்பைப் பறைசாற்ற வேண்டுமென்று எவரையும் தம்மம் கட்டாயப்படுத்தவில்லை. பிறப்பு மனிதனை வகைப்படுத்தாது, செய்யும் தொழிலே அவனை உழவன் என்றும் வணிகன் என்றும் பெயரிடச் செய்கின்றது என்று வாசேட்ட சூத்திரம் கூறுமாயின், அக்கேள்வியைக் கேட்பவனே குற்றவாளி. அஞ்சி வாய்மூடியிருப்பவன் இரங்கத்தக்கவன். ஆனால் உணவு வேளையில் பிறர் நம்மவரை இகழ்ந்து சிரிக்கும்பொழுது தானும் சேர்ந்து சிரிப்பவன், உறவினர் பார்க்க வந்தால் வாயிலில் நிறுத்திப் பேசி அனுப்புபவன், அவன் செய்வது மறைத்தல் அன்று, விற்றல். மௌனத்துக்கும் துரோகத்துக்கும் இடையே உள்ள எல்லை இஃதே.

தொழிலை ஏற்பது போலவே தொழிலை மறுப்பதும் சில வேளை அறமாகும். கோலார் தங்கவயலில் 1966 இல் பிறந்த பெஜவாடா வில்சன், மனித மலத்தைக் கையால் அள்ளும் வேலையே விதிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளை. தந்தையும் தமையனும் அவ்வேலை செய்தோர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியச் சென்ற அவர் பெயரையும் அவ்வேலைக்கே குறித்தனர். அவர் அதை ஏற்கவில்லை. தாம் தப்பித்தால் போதுமென்று ஓடிவிடவும் இல்லை; அவ்வேலையையே நாட்டினின்றும் ஒழிக்கும் இயக்கத்தைப் பிறரோடு கூடிக் கட்டினார். 2003 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சு 27 அன்று தீர்ப்பு வந்தது; 2016 இல் மகசேசே விருது அவரை நாடிவந்தது. அவர் பௌத்தர் அல்லர். ஆயினும் பிறப்பின் பேரால் தொழிலைத் திணித்தல் கூடாதென்னும் தம்மத்தின் சாரத்தை அவர் செயல் விளக்குகின்றது.

அத்தங்கவயலே வேறொரு பாடமும் கற்பிக்கின்றது. வட ஆர்க்காட்டினின்றும் சென்ற நம்மவர் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் தம்மத்தை வளர்த்தனர். தந்தைக்குப்பின் மகன் என்று சுரங்கம் நிலைக்கும் என்றே பலர் நம்பினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்தம் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். எவ்வேலையும் அநித்தியமே, கையிலுள்ள திறமையும், மேலும் கற்கும் மனமும், நல்ல நண்பருமே உடன் வருவன.

இவ்விடத்தில் தேர்வுக்குக் காத்திருப்போர்க்கு ஒரு சொல். 2023 ஆம் ஆண்டின் குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் பத்து இலட்சத்துக்கும் மேல். தேர்ந்தெடுக்கப்பட்டோர் 1,016 பேர். ஆயிரம் பேரில் ஒருவன்! முயலாதீர் என்று நான் கூறேன். ஆட்சிப் பீடத்தில் நம்மவர் அமர்தல் மிகவும் வேண்டுவது. ஆயின் இத்தனை முயற்சி, இத்தனை ஆண்டு என்று முன்னரே எல்லை வகுத்துக்கொண்டு, வேறொரு கைத்தொழிலையோ படிப்பையோ உடன் வைத்துக்கொண்டு முயல்க. வென்ற ஒருவனை மாலையிட்டு வரவேற்கும் நாம், வெல்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் முப்பதாம் வயதை நினைத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. சிகாலோவாத சூத்திரத்தில் பெற்றோர் கடமை ஐந்து. தீயதை விலக்கல், நல்லதில் நிறுத்தல், தொழில் பயிற்றல், மணம் முடித்தல், தக்க காலத்தில் உடைமை ஒப்படைத்தல். தொழில் பயிற்றல் மணத்துக்கு முன் நிற்பதைக் காண்க. அது மகனுக்கு மட்டும் என்று எண்ணற்க. பட்டம் பெற்ற மகளின் சான்றிதழைத் திருமண அழைப்பிதழில் அச்சிடுவதற்காகவே படிக்கவைத்தோர் தம் கடமையில் பாதியையே செய்தவர். கணவன் கைவிட்ட நாளில், அல்லது அவன் குடித்துவிட்டு வந்த நாளில், அவள் கையிலுள்ள தொழிலே அவளுக்குச் சரண்.

நூலாலையில் தொழிலாளியாய் இருந்த காலத்தில் நான் நாள்தோறும் கண்ட ஒன்றைக் கூறுவேன். பஞ்சின் ஓர் இழை ஓர் அங்குலத்தைச் சிறிது மிஞ்சிய நீளமே உடையது. குழந்தை இழுத்தாலும் அறும். அத்தகைய இழைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாறு நீட்டி முறுக்கினால், பசை ஏதுமின்றியே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, முழ நூலாகிப் பாரம் தாங்குகின்றன. முறுக்குக் குறைந்தால் நூல் பிரிந்து போம். மிகுந்தால் சுருண்டு சிக்கிக்கொள்ளும். சமுதாயமும் அவ்வாறே. பட்டம் பெற்றவன் எவரையும் பற்றாது தனித்துப் பிரிந்தாலும் கேடு. சமுதாயம் அவனை மூச்சுவிடாதபடி முறுக்கினாலும் கேடு.

ஆதலால் நம் சங்கங்கள் பட்டதாரிகளிடம் கேட்கவேண்டியது அளவானதாய் இருக்கட்டும். வேலை தேடும் காலத்தில் அவர்க்கு நாமே துணைநிற்போம். நகரத்தில் தங்க இடம், விண்ணப்பம் எழுத உதவி, அத்துறையில் முன்னரே இருப்போரின் அறிமுகம் இவற்றை அளிப்போம். வேலை கிட்டி நிமிர்ந்தபின் ஒவ்வொரு பட்டதாரியும் தம் பின்னே வரும் ஒரு மாணவனை, ஒரே ஒரு மாணவனை, பட்டம் பெறும்வரை கைப்பற்றி நடத்துவாராக. பணம் இல்லாதவர் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தருவாராக. வாங்கிய கடனைத் தந்தவரிடமே திருப்புதல் இயலாது. தந்தவர் பலர் மறைந்தனர். அடுத்து வருபவரிடம் செலுத்துவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

மாணவச் செல்வங்காள்! அடுத்த முறை எவரேனும் "என்ன சம்பளம்?" என்று கேட்டால் முகஞ்சுளிக்க வேண்டா, மகிழ்ந்தே விடை கூறுங்கள். அதன்பின் தனித்திருக்கும் வேளையில், "இதனால் எவர்க்கும் கேடு உண்டா? இதனால் என் பின்னே எவர் வருவார்?" என்னும் இரண்டு வினாக்களை உங்கள் நெஞ்சினிடம் நீங்களே கேளுங்கள். இரண்டுக்கும் தலைகுனியாது விடையிறுக்க வல்லவன் எம்மேசைமுன் அமர்ந்தாலும், எப்பட்டறையில் நின்றாலும் நல்வாழ்க்கை வாழ்பவனே. அவனைப் பெற்றோர்க்கும் அவன் வந்த குடிக்கும் மங்களம் உண்டாகுக.